தன் பல்லைத் தானே துலக்கட்டும்

பல் துலக்குவதைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். பொழுது விடிந்ததும் எல்லோரும் செய்கிற காரியம் அது. அதைப் பாடமாகப் படித்துப் பரீக்ஷை கொடுத்தவர் நம்மில் எவரும் இல்லை. ஆனால் அந்தக் காரியத்தைச் சற்றே பிரித்துப் பாருங்கள். பிரஷ்ஷை எடுக்க வேண்டும். அதை நனைக்க வேண்டும். பற்பசைக் குழாயின் மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். ஒரு கை குழாயை அழுத்தும்போது மற்றொரு கை பிரஷ்ஷை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பசை வேண்டிய மட்டும் வந்தவுடன் அழுத்துவதை நிறுத்த வேண்டும். மூடியைத் திரும்ப மூடவேண்டும். இத்தனைக்கும் பிரஷ் இன்னும் வாய்க்குள்ளே போகவில்லை! 1975-ஆம் வருஷத்தில் ஹார்னர், கைலிட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காரியத்தை 15 படிகளாக வகுத்தார்கள். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய எட்டு இளம்பிராயத்தினருக்கு அந்தப் படிகளை ஒன்றொன்றாகக் கற்பித்து, அதன் விவரங்களை ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

நம் வீட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தப் பதினைந்தும் தாமாகவே வந்துவிடுகின்றன. அண்ணன் செய்வதைத் தங்கை பார்க்கிறாள். அப்பா கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணுவதைப் பார்த்துக் குழந்தையும் கோணுகிறது. ஆனால் கை சொன்னபடி கேளாத குழந்தைக்கும், கண் தெரியாத குழந்தைக்கும், ஒருமுறை பார்த்ததை மனத்தில் வரிசையாக நிறுத்திக்கொள்ள முடியாத குழந்தைக்கும், பிரஷ்ஷின் மயிர் உதட்டில் பட்டாலே ஊசி குத்தியதுபோல் துடிக்கும் குழந்தைக்கும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் வரும், கற்றுக்கொடுக்காவிட்டால் வராது. நம் வீடுகளில் பெரும்பாலும் நாம் கற்றுக்கொடுப்பதில்லை. நாமே செய்துவிடுகிறோம்.

நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி. எங்கள் வகுப்பில் சேர வேண்டிய பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்க ஒருநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருக்க, தாயார் அவனுக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். "அவனிடம் விட்டால் ஒரு மணி நேரம் ஆகும், டீச்சர். எனக்கு இரண்டு நிமிஷம்" என்றாள். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அடுப்பில் பால், வாசலில் வான், உள்ளே மாமியாருக்கு மருந்து வேளை! ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தைப் பதினொரு வருஷத்தால் பெருக்கிப் பாருங்கள். அத்தனை காலமும் அந்தப் பையன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும் என்பது.

இத்தகைய குழந்தைகளின் பெற்றோரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய நெஞ்சில் இரவு பகலாக ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்பதே அது. பணம் சேர்த்து வைக்கிறார்கள். உடன்பிறந்தவர்களிடம் வாக்குறுதி வாங்குகிறார்கள். கோவில் கோவிலாக வேண்டிக்கொள்கிறார்கள். இவை யாவும் இருக்கட்டும். தன் பல்லைத் துலக்கி, முகம் கழுவி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்காரும் ஒருவனை ஏற்றுக்கொள்ள ஒரு சிற்றப்பனோ, அத்தையோ, ஓர் இல்லமோ, ஒரு சிறு தொழிற்கூடமோ முன்வருவது எவ்வளவு சுலபம்! அந்தச் சொத்தைச் சேர்க்கப் பாங்கிக்குப் போகவேண்டியதில்லை. குழாயடிக்குப் போனால் போதும்.

அன்பே தடையாக நிற்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லரின் சரித்திரத்தில், கிணற்றுக் குழாயடியில் 'தண்ணீர்' என்ற வார்த்தை அவருக்கு விளங்கிய கட்டத்தை எல்லோரும் கண்ணீர் மல்கச் சொல்வார்கள். அது நடந்தது 1887-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்ததைச் சொல்வோர் குறைவு. ஆறு வயது ஹெலன் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் தட்டிலும் கையை விட்டு எடுத்துத் தின்பது வழக்கம். பாவம், குருடும் செவிடுமான குழந்தை என்று குடும்பத்தார் விட்டுவிட்டார்கள். ஆசிரியை ஆன் ஸல்லிவன் வந்ததும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கரண்டியால் உண்ணவும், கைத்துணியை மடித்து வைக்கவும் குழந்தையைப் பழக்கினாள். உதையும் அழுகையுமாக நடந்த பெரும் போராட்டம் அது. அவ்வளவு கடுமையை எல்லா வீட்டிலும் கையாள வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. இன்றைய ஆசிரியர்கள் அதைவிட மென்மையான வழிகளை அறிவார்கள். ஆனால் 'தண்ணீர்' என்ற வார்த்தைக்கு முன்னால் கரண்டியும் கைத்துணியும் வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டோடு தொடர்புள்ள மற்றொருவரையும் சொல்லவேண்டும். டாக்டர் மரியா மாண்டிஸோரி என்றவுடன் பணக்காரக் குழந்தைகளின் அழகிய பள்ளிக்கூடங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்த அம்மையார் முதலில் ஆசிரியத் தொழிலுக்கு வந்தது, ரோமாபுரியில் அறிவுக் குறைபாடுள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காக. அவருக்கு வழிகாட்டியவை, இட்டார், ஸெகான் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்கள். இட்டார், 1800-இல் பிரான்ஸ் தேசத்துக் காடு ஒன்றிலிருந்து பிடித்துவரப்பட்ட ஒரு சிறுவனுக்கு மனித வாழ்க்கையைக் கற்பிக்க முயன்றவர். ஸெகான் அவருடைய சீடர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பித்தான் போட்டுப் பழகுவதும், நாடா முடிந்து பழகுவதும், தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவதும் மாண்டிஸோரிப் பள்ளியில் இன்றும் பாடங்களே. குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் செய்து பார்த்த அனுபவத்திலிருந்துதான் மற்றக் குழந்தைகளுக்கு அந்த முறை போய்ச் சேர்ந்தது. 1939-இல் மாண்டிஸோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்தில் நடந்ததாக அவரே எழுதியிருக்கும் சம்பவம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எடுப்பதும், சத்தம் வராமல் மெல்லத் துடைப்பதும், பிறர் அருவருக்காதபடி மடித்து வைப்பதுமாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கும் என்று நினைத்தாராம். அவை கைகொட்டி ஆரவாரம் செய்தன. ஏன் என்பது அவருக்குப் பிறகு விளங்கிற்று. மூக்கு ஒழுகுகிறது என்று அந்தக் குழந்தைகளை ஏசாதவர் இல்லை. எப்படித் துடைப்பது என்று அதுவரையில் சொல்லிக்கொடுத்தவரும் இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். எப்படிக் கற்றுக்கொடுப்பது?

முதலில், உங்கள் வீட்டுப் பல் துலக்கலை நீங்களே நின்று கவனித்துப் படிகளாக எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கரின் 15 படிகள் உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தா. வாஷ்பேஸினில் நின்று துலக்கும் வீடும் உண்டு. கொல்லைப்புறத்தில் செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்து துலக்கும் வீடும் உண்டு. எந்த இடமானாலும் நாள்தோறும் அதே இடமாக, அதே வேளையாக, அதே வரிசையாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். பாட்டி ஒரு விதமாகவும் அம்மா ஒரு விதமாகவும் செய்தால், இரண்டு வேறு பாஷைகளில் ஒரே சமயத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததுபோல் ஆகும்.

பிறகு, கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுங்கள். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த முறைக்கு நல்ல காரணம் இருக்கிறது. எல்லாப் படிகளையும் நீங்கள் செய்துவிட்டு, வாயைத் துடைத்துத் துண்டைக் கொடியில் போடுவதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது நன்றாகப் பழகியபின், பிரஷ்ஷை அலம்பி வைப்பதையும் அதனிடம் விடுங்கள். இவ்வாறு பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். முதற்படியிலிருந்து தொடங்கினால் குழந்தை பாதி வழியில் களைத்து, தோல்வியோடு ஒவ்வொரு நாளும் முடியும். கடைசியிலிருந்து தொடங்கினால், முதல் நாளிலேயே 'நான் முடித்தேன்' என்ற பெருமையோடு காரியம் நிறைவேறும். கால்சட்டை போடக் கற்பிப்பதும் இப்படியே. முழங்கால்வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள். இடுப்புக்கு இழுப்பது குழந்தையின் வேலை.

உதவியைக் குறைத்துக்கொண்டு போவது அடுத்த கலை. 1975-இல் அந்த ஆராய்ச்சியாளர்கள் கையாண்ட வரிசை எளிமையானது. ஒவ்வொரு படியிலும் முதலில் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்கள். வராவிட்டால் வாயால் சொன்னார்கள். அதற்கும் வராவிட்டால் செய்து காட்டிச் சொன்னார்கள். அப்போதும் வராவிட்டால்தான் கையைப் பிடித்துச் செய்வித்தார்கள். நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர்மாறு. முதலிலேயே கையைப் பிடித்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்தவரையில் பெற்றோருக்கு மிகவும் கஷ்டமான பாடம் அந்தச் சில விநாடி மௌனந்தான். குழந்தை யோசித்துக்கொண்டிருக்கும்போது நாம் அவசரப்பட்டுப் பேசினால், அது யோசிப்பதை விட்டு நம் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிடும். கையைப் பிடித்துச் செய்விக்கும்போதும் எதிரே நின்று பிடிக்காமல் பின்னால் நின்று பிடிக்க வேண்டும்; அப்போதுதான் உங்கள் கை போகும் திசையும் குழந்தையின் கை போகும் திசையும் ஒன்றாக இருக்கும். மணிக்கட்டைப் பிடித்த கை நாளடைவில் முழங்கைக்கு நகரட்டும். பிறகு தோளைத் தொட்டால் போதும் என்றாகும். பிறகு அதுவும் வேண்டாம்.

வெகுமதி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஆராய்ச்சியாளர்களும் சிறு வில்லைகளைக் கொடுத்து, அவற்றுக்கு ஈடாகச் சர்க்கரையில்லாத சூயிங்கம் கொடுத்தார்கள். 'சர்க்கரையில்லாத' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். நம்மவர் சிலர், பல் துலக்கியதற்குப் பரிசாகச் சாக்லேட்டு கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்! குழந்தைக்கு எது இன்பமோ அது போதும். சிலருக்கு ஊஞ்சல், சிலருக்கு ஒரு பாட்டு, சிலருக்கு வாளித் தண்ணீரில் ஐந்து நிமிஷம் கை அளைவது.

ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதி போட்டு, எந்தப் படி தானாகச் செய்தது, எந்தப் படிக்கு உதவி வேண்டியிருந்தது என்று குறித்து வாருங்கள். மார்க்குப் போடும் தொழிலில் இருப்பவள் சொல்லும் யோசனை என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு படிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். முன்னேற்றம் அவ்வளவு மெதுவாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நோட்டுக்குத் தெரியும்.

குறைபாடுகள் பலவகை, ஆகையால் தந்திரங்களும் பலவகை. மூளை முடக்குவாதத்தால் கை இறுகிய குழந்தையால் பிரஷ்ஷின் மெல்லிய காம்பைப் பற்ற முடியாது. காம்பின்மேல் துணியைச் சுற்றிப் பருமனாக்கலாம். சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டலாம். சிறு ரப்பர்ப் பந்தில் துளையிட்டுக் காம்பை அதில் செருகலாம். கையே மூடாவிட்டால், எலாஸ்டிக் பட்டியால் பிரஷ்ஷை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டலாம். இக்குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைத்துத் துலக்கக்கூடாது. தண்ணீரும் பசையும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சற்றே முன்னால் சாய்ந்திருக்க, பின்புறமோ பக்கத்திலோ நின்று, மோவாயை ஒரு கையால் தாங்கிக்கொள்ளவேண்டும். பல்லுக்கிடையில் விரலை வைக்கவே கூடாது. வாயில் ஏதேனும் பட்டவுடன் தாடை தானாக இறுகிக் கடிப்பது இவர்களில் சிலருக்கு உள்ள சரீர தர்மம். அது பிடிவாதமும் அன்று, கோபமும் அன்று. பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டால் இழுக்காமல், தாடை தளரும்வரை பொறுத்திருங்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர் போற்றியவைதாம். ஆனால் கடித்தால் ஒடிந்து தொண்டைக்குள் போகக்கூடிய எதுவும் இக்குழந்தைகளுக்கு ஆகாது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இடையூறு கையில் இல்லை. தொடுகையிலும் சுவையிலும் இருக்கிறது. நமக்குக் குளிர்ச்சியாக இருக்கும் புதினா வாசனைப் பசை அவர்களுக்கு நெருப்பாக எரியலாம். வாசனையற்ற பசையும் கடைகளில் கிடைக்கிறது. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் உள்ளங்கையைத் தொடுங்கள்; சில நாள் கழித்துக் கன்னத்தை; பிறகு உதட்டை; பிறகு முன்பல்லை. "ஐந்து எண்ணுகிறேன், பிறகு எடுத்துவிடுவேன்" என்று சொன்னால், ஐந்தாவது எண்ணில் எடுத்தே தீரவேண்டும். நன்றாகத்தானே நடக்கிறது, இன்னும் இரண்டு தேய்ப்போம் என்று ஆசைப்பட்டால், மறுநாள் வாயே திறக்காது. குழந்தை நம்பியது பிரஷ்ஷை அன்று, நம் வார்த்தையை. உங்கள் குழாயடியிலேயே ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்து, வரிசையாகச் சுவரில் ஒட்டிவிட்டால், வாய்ச்சொல்லைவிட அது அதிக உபகாரமாக இருக்கும்.

கண் தெரியாத குழந்தைக்குப் பொருள்கள் இடம் மாறாமல் இருக்கவேண்டும். அதன் பிரஷ் காம்பில் ஒரு நூலைச் சுற்றிவைத்தால் தடவி அறிந்துகொள்ளும். பசையைப் பிரஷ்ஷின்மேல் இடுவது அதற்குக் கஷ்டம். விரல் நுனியில் எடுத்துப் பல்லில் தடவிக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இன்னொன்று: அதன் கையை நீங்கள் பற்றி இழுக்காமல், உங்கள் கையின்மேல் அது தன் கையை வைத்துக்கொள்ளச் செய்து, நீங்கள் துலக்குவதை அது தொட்டுணரட்டும்.

பசையின் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் பிரஷ் முழுவதும் அலைபோல் சுருண்டு கிடக்கும் பசை கம்பெனிக்காரருக்கே லாபம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு; மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. பசையில் புளோரைடு இருக்கவேண்டும். பல் சொத்தையாவதை அது தடுக்கிறது. துப்பத் தெரியாத குழந்தைக்கு எந்த வயதானாலும் மெல்லிய பூச்சே போதும். தலையைக் குனியவைத்து, எஞ்சியதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களைப்போல் நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுந்துள்ள பகுதிகளில் வசிப்பவர்கள் பல் வைத்தியரைக் கலந்துகொள்வது நலம். காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை. இரண்டில் எதை விட்டாலும் இரவை விடக்கூடாது. நம்மவர் விடுவது பெரும்பாலும் இரவைத்தான்!

இவ்வளவு சிரமம் ஏன், சாதாரணக் குழந்தைக்குக்கூடச் சொத்தைப் பல் வருவதில்லையா என்று கேட்டால், இக்குழந்தைகளின் வாய்க்கு நேரும் ஆபத்து அதிகம் என்பதே பதில். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பல் தாமதமாக முளைக்கிறது. ஈறு நோயோ இளவயதிலேயே வந்துவிடுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நாக்கு சரியாகச் சுழலாததால், சாப்பிட்ட சோறு கன்னத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின் என்ற மருந்து பலருக்கு ஈற்றை வீங்கி வளரச் செய்யும். அதற்காக டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் அந்த வீக்கம் குறைவாக இருக்கும். இவை போதாதென்று, தித்திப்பான மருந்துகளைப் படுக்கும் வேளையில் கொடுத்து அப்படியே தூங்கவைத்துவிடுகிறோம்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, வலியைச் சொல்லத் தெரியாமை. பேச்சு வராத குழந்தைக்குக் கடைவாய்ப் பல் வலித்தால் என்ன செய்யும்? தலையைச் சுவரில் மோதும். கன்னத்தில் அறைந்துகொள்ளும். பிடித்தமான பலகாரத்தைத் தள்ளிவிடும். இரவெல்லாம் கத்தும். 'இப்போதெல்லாம் இவன் போக்கே சரியில்லை' என்று வீட்டார் சொல்வார்கள், மந்திரிப்பவரிடம் போவார்கள், அடியும் விழுவதுண்டு. காரணம் தெரியாமல் ஒரு குழந்தையின் நடத்தை திடீரென்று மாறினால், முதலில் வாயைத் திறந்து பாருங்கள். அசையாமல் உட்கார முடியாத குழந்தைக்குச் சொத்தைப் பல்லைச் சரிசெய்ய, சிலசமயம் முழு மயக்கம் கொடுக்கவேண்டி வருகிறது. ஒரு பட்டாணியளவு பசையால் தடுத்திருக்கக்கூடிய விஷயம் அறுவைசிகிச்சைக் கூடம்வரை போகிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எல்லாக் குழந்தையும் பதினைந்து படியையும் தனியாக ஏறிவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். சாதாரணக் குழந்தைகளுக்கே ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள் ஒருமுறை சரிபார்த்துத் துலக்கிவிடவேண்டும் என்கிறார்கள் பல் வைத்தியர்கள். பலத்த குறைபாடுள்ள சிலருக்கு ஆயுள் முழுவதும் பிறர் கை வேண்டியிருக்கும். அவர்களுக்கும் ஏதாவது ஒரு பங்கு உண்டு. சிவப்புப் பிரஷ்ஷா, நீலப் பிரஷ்ஷா என்று கண்ணால் காட்டலாம், "ஆ" என்றதும் வாயைத் திறக்கலாம், துண்டைப் பிடித்துக்கொள்ளலாம். குழந்தை முதலில் தன்னால் இயன்றதைச் செய்யட்டும், பிறகு நீங்கள் முடியுங்கள். அந்த வரிசை மாறவேண்டாம்.

பல்லைப் பற்றிச் சொன்னது குளியலுக்கும், தலை வாருவதற்கும், கழிப்பறைக்கும் பொருந்தும். வழுக்கும் சோப்பை ஒரு வலைப்பையில் போட்டுக் கட்டினால் பிடிக்க வரும். பித்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டி தைக்கலாம். ஆனால் இவற்றில் மற்றொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. தாய்மார்கள் அதை எண்ணிப் பார்க்கவேண்டும். பதினைந்து வயதுவரை யார் வந்தாலும் உடையைக் கழற்றிக் குளிப்பாட்டலாம் என்று பழகிய ஒரு பெண்ணுக்கு, எந்தக் கை நல்ல கை, எந்தக் கை கெட்ட கை என்று எப்படித் தெரியும்? தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ளத் தெரிந்தவள், கதவைச் சாத்திக்கொள்ளத் தெரிந்தவள், "வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக்கொள்வாள். ஆண் பிள்ளைகளுக்கும் இதுவேதான். மாதவிலக்கு வருமுன்பே நாப்கினை உள்ளாடையில் ஒட்டுவதைப் பொம்மையைக் கொண்டும், பிறகு தன் உள்ளாடையைக் கொண்டும் பழக்கிவிட்டால், முதல் நாளன்று பயந்து அலறவேண்டியிராது. அந்த நாளுக்குப் பிறகு கற்பிப்பதைவிட முன்னால் கற்பிப்பது பன்மடங்கு சுலபம்.

இது வீட்டாரின் வேலை, பள்ளிக்கூடத்தின் வேலையன்று என்று என் சகோதர ஆசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி உரிமை அளித்திருக்கிறது. அந்தக் கல்வி கூட்டலும் கழித்தலும் மட்டுந்தானா? 2022-இல் நம் மாகாணத்தில் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மதிய உணவோ வெகுநாளைய வழக்கம். சாப்பிட்டபின் எல்லாக் குழந்தைகளும் குழாயடிக்குப் போகத்தானே வேண்டும்? அங்கே பத்து நிமிஷம் ஓர் ஆசிரியர் நின்றால், குறைபாடுள்ள குழந்தை தனியாக அல்ல, தோழர்களோடு வரிசையில் நின்று வாய் கொப்புளிக்கக் கற்றுக்கொள்ளும். தோழன் செய்வதைப் பார்த்துச் செய்வதில் உள்ள உற்சாகம், எந்த நிபுணரும் தரமுடியாதது.

பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்துப் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969-இல் தொடங்கிய முறை அது. ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, குழந்தைக்கு அன்று, தாய்க்குச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த வாரம்வரை தாய்தான் உபாத்தியாயினி. கிராமங்களில் வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்ததால் பிறந்த யோசனை அது. நம் கிராமங்களுக்கும் அது பொருத்தமே. நம் மாகாணத்தில் வட்டார வள மையங்களில் உள்ள சிறப்பாசிரியர்கள் இதுபோல் வீடுகளுக்குப் போகிறார்கள். கேட்டால் வருவார்கள், ஆனால் கேட்கவேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்தவர்களுக்கு ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது.

பல் வைத்தியரிடம் போவதையும் படிகளாகப் பிரிக்கலாம். வலி வந்த அன்று முதல்முதலாக அழைத்துப்போனால், அந்த நாற்காலியும் விளக்கும் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் பயமாகிவிடும். வலி இல்லாத ஒரு நாளில் போய், வாசலில் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அந்த நாற்காலியில் ஏறி இறங்கட்டும். அதற்கடுத்த முறை வைத்தியர் சிறு கண்ணாடியால் பல்லை எண்ணட்டும். கூட்டம் குறைந்த வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு எது பிடிக்காது என்பதை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பெனிடாயின் முதலிய மருந்துகளின் சீட்டையும் எடுத்துப்போங்கள். வீட்டில் உபயோகிக்கும் அதே பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோனால், அந்நிய இடத்தில் அது ஒன்றாவது குழந்தைக்குத் தெரிந்த முகமாக இருக்கும்.